ஓல்சன் விடுதியின் மாடி அறை

ஒமாஹா
2 ஏப்ரல் 1986

அன்புள்ள மேவிஸ்,

நலம்தானே? நம் ராபினின் பட்டமளிப்பு விழா மே பதினெட்டாம் தேதி. அது பற்றித்தான் எழுதுகிறேன். அவளை ஃபேர்புரூக் கல்லூரியில் சேர்த்த அன்றே, ஓல்சன் விடுதியின் மாடி அறையை இந்த நாளுக்கென்று சொல்லிவைத்தோமே, நினைவிருக்கிறதா? அந்தச் சின்ன ஊரில் எல்லாப் பெற்றோரும் அப்படித்தான் செய்கிறார்கள், நாமும் செய்தோம். நான்கு வருடத்தில் நாம் இரண்டு வீடாகிவிடுவோம் என்று யார் கண்டது?

அந்த அறையை எனக்கும் கார்லாவுக்கும் விட்டுக்கொடுப்பாயா? ஊரில் வேறு இடமே இல்லை. கார்லாவுக்கு முதுகுவலி. நெடுஞ்சாலை மோட்டலில் படுத்தால் மறுநாள் எழுந்திருக்க மாட்டாள். உனக்கு அந்த ஊர் பக்கம்தானே, விடிகாலையில் காரை எடுத்தால் விழாவுக்கு வந்துவிடலாம். நீ எதையும் பெரிதுபடுத்தாதவள்.

அன்புடன்,
டுவேன்


ஹாஸ்கின்
7 ஏப்ரல்

டுவேனுக்கு,

முடியாது.

நீ எந்தக் கடிதத்தையும் கடைசிவரை படித்ததில்லை என்பதால் பதிலை முதலிலேயே எழுதிவிட்டேன்.

கார்லாவின் முதுகுக்காக வருந்துகிறேன். எனக்கும் ஒரு முதுகு இருக்கிறது. பள்ளிச் சமையலறையில் ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் உருளைக்கிழங்கு மசித்துக் கொட்டிய முதுகு. அதை நீ ஒரு நாளும் விசாரித்ததில்லை.

அந்த அறையைச் சொல்லிவைத்ததோடு உன் வேலை முடிந்தது. ஒவ்வொரு வசந்தத்திலும் ஃபோன் செய்து உறுதிசெய்தவள் நான். திருமதி ஓல்சன் எடுத்த எடுப்பிலேயே கேட்பார்: "வேணுமா, வேண்டாமாம்மா? வேண்டாம்னா வாசல்ல பத்துப் பேரு நிக்கிறாங்க." வேணும் என்பேன். நீ வீட்டைவிட்டுப் போன வருடமும் அழுதுகொண்டே வேணும் என்றேன்.

மேவிஸ்


ஒமாஹா
14 ஏப்ரல்

அன்புள்ள மேவிஸ்,

கோபத்தை விடு. விடுதிக்கு நானே ஃபோன் செய்தேன். அறை 'திரு, திருமதி ஹாக்' பெயரில் இருக்கிறது. விழாவுக்கு முன்பே கார்லாவும் நானும் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறோம். அப்புறம் திருமதி ஹாக் அவள்தானே?

நம் சண்டையில் ராபின்தான் தவிக்கிறாள். நீ விழா முடிந்து ஒரு வாரம் கழித்துப் போய், கூட்டமில்லாத நேரத்தில் மகளை நிதானமாகப் பார்த்துவிட்டு வரலாமே. அவளிடமும் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன்.

டுவேன்


ஹாஸ்கின்
21 ஏப்ரல்

டுவேனுக்கு,

உன் பெயரை நீயே வைத்துக்கொள், யாருக்கு வேண்டுமானாலும் கொடு. நேற்று ஃபேர்புரூக் போய்வந்தேன்.

திருமதி ஓல்சன் ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தார். "இருக்கிறது ஒரு அறை, கேக்கிறது ரெண்டு பேரு. நான் என்னம்மா பண்ணட்டும்?" என்றார்.

"இத்தனை வருஷமா உங்ககிட்ட வேணும்னு சொன்னது யாரு?"

"நீதான்."

"அப்ப என் பேரை எழுதுங்க. மேவிஸ் டார்ன். எங்க அப்பா பேரு அது." மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு எழுதினார்.

ராபினும் கூட இருந்தாள். வெளியே வந்ததும், "நீ ஒரு வாரம் கழிச்சுதான் வருவேன்னு அப்பா சொன்னாரும்மா" என்றாள்.

"நீ என்ன சொன்னே?"

"ஒண்ணும் சொல்லல. ஆனா நீ இல்லாம மேடை ஏறக் கூடாதுன்னு நெனச்சுக்கிட்டேன்."

"அதை அவர்கிட்டயே சொல்லியிருக்கலாமே?"

"நீயும்தான் அப்பாகிட்ட எதையும் சொன்னதில்ல. உன்னைப் பாத்துதானே வளர்ந்தேன்."

எனக்குச் சுருக்கென்றது, டுவேன். அதனால் இப்போது சொல்கிறேன். பதினெட்டாம் தேதி என் மகளின் நாள். நான் அங்கே இருப்பேன், முன்வரிசையில் இருப்பேன். உனக்கும் கார்லாவுக்கும் மோட்டலில் இடம் கிடைக்கட்டும்.

மேவிஸ் டார்ன்


ஒமாஹா
9 மே

அன்பான மேவிஸ்,

கார்லா வரவில்லை. டென்வரில் இருக்கும் தன் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். கல்யாணப் பேச்சும் அத்தோடு நின்றுவிட்டது. அதை விடு.

தனியாகத்தான் வருகிறேன். மோட்டலும் நிரம்பிவிட்டது. மாடி அறையில் கட்டில் பெரியது என்று நினைவு. நாம் என்ன அந்நியர்களா? இருபத்திரண்டு வருடம் ஒரே வீட்டில் வாழ்ந்தவர்கள். நம்மைச் சேர்த்துப் பார்த்தால் ராபினுக்கும் சந்தோஷமாக இருக்கும். அதன் பிறகு மெதுவாக யோசிக்கலாம். உன்னை விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள்?

என்றும் உன்,
டுவேன்


ஹாஸ்கின்
13 மே

அன்புள்ள டுவேன்,

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை அழுதேன், அதை மறைக்கப் போவதில்லை. மறு முறை சிரிப்பு வந்தது. இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குவான் என்பார்கள். நீ இடம் கிடைப்பதற்கு முன்பே மடத்தைக் கேட்கிறாய்.

விழாவுக்குக் கட்டாயம் வா. அவளுக்கு நீ அப்பா, அதை யாரும் உன்னிடமிருந்து எடுக்கவில்லை. என் பக்கத்திலேயே உட்கார், போட்டோவுக்கும் சேர்ந்தே நிற்போம். இடம் கிடைக்காதவர்களுக்காக லூத்தரன் தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் மடக்குக் கட்டில் போடுகிறார்களாம். உனக்கு ஒன்று சொல்லிவைத்திருக்கிறேன். போர்வை நீயே கொண்டுவா.

மற்றபடி யோசிக்க ஒன்றுமில்லை. நீ புரண்டு படுக்க இடம் வேண்டுமென்று இருபத்திரண்டு வருடம் சுவரோரமாக ஒடுங்கிப் படுத்தவள் நான். ஓல்சன் விடுதியில் கட்டிலின் நடுவில் படுக்கப் போகிறேன்.

மேவிஸ் டார்ன்