நாலு விரல் கனக் கல்

அப்பா, இன்று காலை அணைக்கட்டுப் பக்கம் போனபோது முதலில் கண்ணில் பட்டது உன் கல்தான். கரைமேல் காய்ந்து கிடந்தது. அது காய்ந்து நான் பார்த்தது இதற்கு முன் ஒரே ஒரு முறை.

கோடையில் கால்வாய்க்குத் தண்ணீர் திருப்ப ஷட்டரை இறக்கும்போதெல்லாம் அந்த நாலு விரல் கனக் கல்லை அடியில் வைத்துத்தான் இறக்குவாய். அந்த இடுக்கு வழியாக ஆறு திருவக்கரைப் பக்கம் போய்க்கொண்டே இருக்கும்.

"இன்னா லஸ்கரு, ஆத்துக்கும் பங்கு குடுத்துக்கினு கீற? மல்லாட்டை காயுதுப்பா" என்பார் மேட்டுக்கழனிக்காரர்.

"அதுவும் நம்ம பாசனக்காரருதாங்க. கடேசி மடை அவருது" என்பாய். அவரே சிரித்துவிடுவார்.

நீ முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் கிடந்த வாரம் அவர் என்னிடம் வந்தார். "ரெண்டு நாளுதாம்மா, கல்ல எடுத்துடு." பள்ளிக்கூடத்தை விட்டு நின்றதிலிருந்து எனக்கு யாரிடமும் மறுத்துப் பேச வராது. நானே எடுத்துக் கொடுத்தேன்.

மூன்றாம் நாள் ஆற்றின் கீழ்மடுவில் கெண்டைகள் வாயைப் பிளந்து கிடந்தன. மணல் ஊற்றில் ஒரு குடம் மொள்ள பெண்கள் அரை நாள் காத்திருந்தார்கள்.

திரும்பி வந்த நீ திட்டவில்லை. கல்லை வைத்துவிட்டு, "வா, பாக்கலாம்" என்று மடுவுக்குக் கூட்டிப் போனாய். தண்ணீர் நடந்து வருவதை அன்றுதான் பார்த்தேன். அதற்கு முன்னால் மணல் கறுத்துக்கொண்டே வந்தது. நண்டுகள் மேலே ஏறின. தண்ணீர் தொட்டதும், வெறும் சேறு என்று நான் நினைத்த இடத்திலிருந்து ஒரு விரால் துள்ளியது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இத்தனை வருஷம் ஷட்டர் சுற்றிய நீயும் என்னைப் போலவே குனிந்து பார்த்தாய். "எங்கேர்ந்துதான் வருதுங்களோ, எனுக்கும் தெரியலம்மா" என்றாய்.

நீ போனபின் உன் லஸ்கர் வேலைக்கு வந்தவர் நாலு ஊர் ஷட்டர் பார்க்கிறார். ஷட்டர் சுற்றும் கைப்பிடி இன்னும் நம் வீட்டில்தான் இருக்கிறது. நேற்று அதை வாங்கிப் போய்த் திருப்பித் தந்தார். எதற்கென்று நான் கேட்கவில்லை.

இன்று அதை எடுத்துக்கொண்டு மறுபடி போனேன். மேட்டுக்கழனிக்காரர் கரையில் நின்றிருந்தார். அவர் கழனியில் வேர்க்கடலைச் செடிகள் தலை சாய்ந்திருந்ததையும் பார்த்தேன்.

"ஒங்கப்பாதான் பூட்டாரே, இன்னும் இன்னாத்துக்கும்மா அந்தக் கல்லு?"

நான் தலை நிமிரவில்லை. "கடேசி மடைக்காரருக்குங்க" என்றேன். என் குரல் எனக்கே கேட்டது.

கைப்பிடியை மாட்டிச் சுற்றினேன். ஷட்டர் எழுந்தது. கல்லை எடுத்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினேன்.