நாற்பத்திரண்டாம் வீட்டுக் கரை

வான் பொய்யாது, வயல் வறளாது, வாய்க்கால் தூராது வாழ்க வையம்.

செண்பகநாட்டுக்கு ஒரு குடை நிழல் செய்பவர், மணிவாயில் மாநகர் உடையவர், மும்முரசு முற்றத்தார், ஏழு குன்றின் காவலர், ஈச்சங்காட்டு ஏரிக்கரையில் நாற்பத்திரண்டாம் வீட்டுக்காரர் ஆகிய மாமன்னர் செழுங்கோ அகலங்கர், வடதுறை நாடாளும் தம் அன்பிற்குரிய சிற்றரசர் வேள் எயினனாருக்கு விடுக்கும் திருவோலை. வேளின் உப்பளங்கள் வெண்மை குன்றாது விளைக; குதிரைகள் கொழுக்க; வல முழங்காலில் குடியேறியுள்ள வாதநோய் இட முழங்காலையும் தன் நாடாக்கிக் கொள்ளாது ஒழிக. மன்னரின் பட்டங்களுள் இறுதியாக நிற்பது புதியது. அதை அங்கே சேர்க்க இவ்வோலை எழுதும் ஓலைநாயகம் பூதன் தேவனுக்குச் சற்றும் மனமில்லை, மன்னர்தாம் விடவில்லை. அதன் வரலாறே இவ்வோலையின் பொருள்.

மாமன்னர் தலையில் மண் சுமக்கிறார் என்று கேள்வியுற்றுத் தாங்கள் மூன்று ஓலை விடுத்தீர்கள். முதல் ஓலையில், செண்பகநாட்டின் கருவூலம் வற்றிவிட்டதோ என வருந்தினீர்கள். இரண்டாம் ஓலையில், பகைவர் எவரேனும் மன்னரைச் சிறைப்பிடித்து வேலை வாங்குகின்றனரோ எனச் சினந்து, படை அனுப்பட்டுமா என வினவினீர்கள். மூன்றாம் ஓலையில், இரக்கம் மேலிட்டு மூன்று வண்டி அரிசி அனுப்புவதாக எழுதினீர்கள். அதே நாளில் தங்கள் அவையில் இச்செய்தி படிக்கப்பட்டபோது தாங்கள் அரியணைக் கையைத் தட்டித் தட்டிச் சிரித்ததாகவும் இங்கே ஒரு பேச்சு உண்டு. மன்னர் அதற்காக வருந்தவில்லை. நடந்ததை ஒளிவு மறைவின்றி எழுதுக என்பதே ஆணை.

நம் நாட்டின் வட எல்லையில் ஈச்சங்காடு என்றோர் ஊர் உண்டு. நாற்பத்தொரு வீடு, ஓர் ஏரி. அவ்வேரியின் கரை முன்பொரு பெருமழையில் உடைந்து, ஆண்டு மூன்றாகியும் அடைபடாது கிடந்தது. நீரின்றி வரகும் விளையவில்லை, சணலும் விளையவில்லை. ஊரார் மூட்டை கட்டிப் பிழைப்புத் தேடிப் போகத் தொடங்கினர். இது கேட்ட மன்னர், பின்தங்கிய ஊர்களை முன்னேற்றவென்றே தாம் நிறுவிய நாட்டாக்கத் திணைக்களத்தின் தலைவர் காரிநம்பியை அழைத்தார்.

காரிநம்பியைத் தாங்கள் அறிவீர்கள். தங்கள் அரண்மனை விருந்தில் பாயசத்தைப் புகழ்ந்து ஒரு நாழிகை பேசியவர் அவரே. நல்லவர், நூல் பல கற்றவர், சேற்றில் மட்டும் கால் வைத்ததில்லை. முன்பு கல்மேடு என்னும் ஊருக்கு யாரையும் ஒரு சொல் கேளாமல் பதினாறு தூண் நிறுத்திச் சந்தை மண்டபம் கட்டிக் கொடுத்தவர். ஊரார் வழக்கம்போல ஆற்றங்கரையிலேயே சந்தை கூடுகின்றனர். மண்டபத்தில் வெள்ளாடுகள் கூடுகின்றன. ஆதலால் மன்னர் இம்முறை கறாராகச் சொல்லிவிட்டார்: ஊரோடு கலந்து, ஊரார் முறைப்படி, ஊராரைப் பங்காளிகளாக்கி ஏரியைக் கட்டு, இதுவும் வெள்ளாட்டுக்குப் போகுமாயின் நீ அரண்மனைக் குளத்து ஆமைகளுக்குக் கண்காணியாகப் போவாய் என்று. காரிநம்பி அன்றிரவு சோறு கொள்ளவில்லை என அவர் வீட்டார் கூறுவர்.

ஈச்சங்காட்டில் வேலைமுறை காக்கும் தலைவி கொற்றி என்பவள். நாற்பது வயதினள், உரத்த குரலினள், நின்ற இடத்திலிருந்தே ஏரியின் அக்கரையில் இருப்பவனை வேலைக்கு எழுப்ப வல்லவள். அவள் கூறியவற்றை மட்டும் மெருகு ஏற்றாது, கூறியபடியே பொறிக்க வேண்டுமென்பது அரச ஆணை. ஓலைநாயகம் பல்லைக் கடித்துக்கொண்டு பொறிக்கிறார்.

அவ்வூர் வழக்கம் இது. பொதுவேலை தொடங்குமுன் ஒரே பானையில் கூழ் காய்ச்சுவர். குடிப்பவரை எந்த வீடு என்று கேட்டு, அவ்வீட்டின் பேரால் ஒரு கயிற்றில் முடிச்சுப் போடுவர். பின்னர் அக்கயிற்றைக் கரை நெடுக இழுத்துக் கட்டுவர். முடிச்சுக்கு முடிச்சு உள்ள இடம் ஒரு வீட்டின் பங்கு. அப்பங்கை அவ்வீட்டில் பிறந்தவரோ அவ்வீட்டில் மணம் புரிந்தவரோதாம் கட்டுவர், கூலியாள் கூடாது, பிறர் பங்கில் ஒரு கூடை மண்ணும் எவரும் போடார். எந்நாள் எவ்விடம் கசிந்தாலும் அவ்விடத்துக்கு உரிய வீடு எழுந்து ஓட வேண்டும் என்பதே கருத்து. முன்பு உடைந்த கரை வெளியூர்க் கூலியாட்கள் கட்டியதாம். அது கசிந்த நாளில் ஓட ஒருவரும் இல்லை.

காரிநம்பிக்கும் ஒரு கலயம் கூழ் நீட்டப்பட்டது. எந்த வீடு என்று கொற்றி கேட்டாள். அவரோ அவை கண்ட நாவினர் ஆயிற்றே! மாமன்னரும் இவ்வூரின் ஒரு வீட்டினரே, அவர் பொருட்டே பருகுகிறேன் என்று முழங்கிவிட்டு ஒரே மூச்சில் குடித்தார். கொற்றி தலையசைத்து, கயிற்றின் நடுவில் விட்டிருந்த இடத்தில் நாற்பத்திரண்டாம் முடிச்சைப் போட்டாள். மாலை மரியாதை போன்றதொரு சடங்கு இது என நினைத்த காரிநம்பி முகமெல்லாம் மலர நின்றார். கயிறு கரை முழுதும் எட்டவில்லை. வடகோடியில் புளியமரத்தை ஒட்டிச் சிறிது எஞ்சியது. குடிக்க இன்னும் யாராவது வருவார்கள் என்று ஊரார் அதை அப்படியே விட்டனர்.

வேலை நடந்தது. நடந்த வேகத்தை என்னென்பது! ஒரு திங்களில் நாற்பத்தொரு பங்கும் ஆள் உயரத்துக்கு மேல் எழும்பி நின்றன. நட்டநடுவில் ஒரு பங்கு மட்டும் முன்பல் விழுந்த வாய் போல் திறந்து கிடந்தது. கொற்றி காரிநம்பியிடம் வந்து, ராசா வீட்டாளு எப்ப வராங்க என்று கேட்டாள்.

காரிநம்பிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. திணைக்களத்து ஆட்கள் நூறு பேரை இறக்குகிறேன் என்றார். கூலியாள் ஆகாது என்றாள். யானை இரண்டு தருவிக்கிறேன் என்றார். யானை ராசாவுக்குப் பொறந்ததா என்றாள். நானே செய்கிறேன் என்று இறுதியில் இறங்கி வந்தார். அதற்கு அவள், நீங்க அந்த வூட்டுல பொறந்தவரா, பொண்ணு கட்டுனவரா, சம்பளத்துக்கு இருக்கிறவருதானே சாமி என்றாள். வடக்கே மேகம் கறுக்கத் தொடங்கியிருந்தது. நடுவே திறந்த கரையோடு மழை வந்தால் அந்நாற்பத்தொரு பங்கும் ஒரே நாளில் கரைந்து போகும் என்பது சேறு காணாத காரிநம்பிக்கும் விளங்கிற்று.

அவர் அரண்மனைக்கு ஓலை எழுதினார். மாமன்னரே வந்து மண் சுமக்க வேண்டும் என்று எப்படி எழுதுவது? பூசி மெழுகி, ஈச்சங்காட்டு மண்மகள் மாமன்னரின் திருத்தோளை நாடி ஏங்கி நிற்கிறாள் என்று எழுதிவிட்டார். அவ்வோலை அவையில் உரக்கப் படிக்கப்பட்டது. பட்டத்தரசியார் இரண்டு நாள் மன்னரோடு பேசவில்லை. அடுத்து, ஏரியன்னையின் கழுத்தில் நாற்பத்தொரு மாலை ஏறிவிட்டன, ஒரு மாலை மட்டும் மணிவாயிலை நோக்குகிறது என எழுதினார். அரண்மனையார் உடனே வண்டி நிறைய மல்லிகை மாலை அனுப்பிவைத்தனர். அதை ஆடுகள் தின்றன. காரிநம்பியின் வாழ்வில் ஆடுகளுக்கு ஏனோ அத்தனை பங்கு.

பொறுத்துப் பார்த்த கொற்றி, மூன்றாம் ஓலையைத் தான் சொல்லச் சொல்ல எழுதும்படி அவர் கையில் எழுத்தாணியைத் திணித்தாள். அது வருமாறு: ராசாவுக்கு கொற்றி சொல்லிக்கிறது. உங்க ஆளு உங்க பேரச் சொல்லி கூழு குடிச்சாரு. உங்க பங்கு கரை தொறந்தே கெடக்கு. மழை வரப்போவுது. வூட்டாளு யாராச்சும் வாங்க. வர முடியாதுன்னா அதையாச்சும் சொல்லிடுங்க, நாங்க வேற ஊரு பாத்துக்கிறோம்.

எழுதும்போது காரிநம்பி இருமுறை எழுத்தாணியைக் கீழே வைத்து எடுத்தார். ஆமைகள் கண்முன் வந்து போயின. ஆயினும் ஒரு சொல்லையும் அவர் மாற்றவில்லை. கடைசி வரியை மட்டும் அவளை மீண்டும் ஒருமுறை சொல்லச் சொல்லிக் கேட்டு எழுதினார்.

அவையில் இது படிக்கப்பட்டபோது மன்னர் முதலில் சிரித்தார். கரை திறந்து கிடக்கிறது என்றபோது சிரிப்பு நின்றது. வேறு ஊர் பார்க்கிறோம் என்றபோது எழுந்து நின்றார். அமைச்சர்கள் மூக்கின்மேல் விரல் வைத்தனர். முடி சூடிய தலையில் மண்கூடையா என்று மூத்த அமைச்சர் பதறினார். முடியைக் கழற்றிவிட்டுத்தானே கூடை வைப்பார் என்று அரசியார் கூறினார். இரண்டு நாள் கோபம் அதற்குள் ஆறியிருந்தது.

இவ்வாறு மன்னர் ஈச்சங்காடு சேர்ந்தார். சும்மாடு சுற்றத் தெரியாமல் தம் பட்டு மேலாடையைச் சுருட்டித் தலையில் வைத்தார். அது நழுவி, முதற்கூடை மண் முழுவதும் ஓலைநாயகத்தின் மேல் கொட்டியது. இதைத் தாங்கள் எங்கும் கேட்டிருக்க மாட்டீர்கள், ஏனெனில் ஓலைநாயகம் எவரிடமும் சொல்லவில்லை. கொற்றி தன் பழஞ்சேலைத் துண்டைக் கிழித்து மன்னருக்குச் சும்மாடு கட்டினாள். மெதுவா தூக்குங்க, ஒண்ணும் அவசரமில்ல, மழை மட்டுந்தான் வருது என்றாள். ஆறு நாள் மன்னர் சுமந்தார். திமிசுக் கட்டை பிடித்து மண்ணை இடித்து இறுக்கினார். உள்ளங்கை கொப்பளித்தது, அரசியார் மஞ்சள் அரைத்துப் பற்றுப் போட்டார், அவரும் அவ்வீட்டில் மணம் புரிந்தவர் ஆதலின் அறுபது கூடை சுமந்தார்.

மூன்றாம் நாள் காலை, அழைப்பாரின்றிக் காரிநம்பியும் ஒரு கூடையைத் தூக்கிக்கொண்டு வந்து வரிசையில் நின்றார். வழக்கத்துக்கு ஒவ்வாதே என்று கொற்றி தடுத்தாள். கூழ் குடித்த வாய் என்னுடையது அம்மா என்றார் அவர். சொல்லழகர் என்று பேர் பெற்றவர் அவ்வளவோடு நிறுத்திக்கொண்டார். கொற்றி அவரை வழிமறித்த கையை எடுத்தாள். மன்னர் ஆமைப் பேச்சை அதற்குப் பின் எடுக்கவே இல்லை. காரிநம்பி இப்போது ஒவ்வொரு பங்கையும் உரியவர் பேர் சொல்லிக் காட்டுகிறார். கல்மேட்டுச் சந்தையாரிடம் போய் மண்டபத்தை எங்கே நகர்த்தலாம் என்று கேட்டு வரப் போகிறேன் என்கிறார். அவர் அவ்வாறு மகிழ்ந்து நாங்கள் கண்டதில்லை.

நடுக்கரை அடைபட்டது. முதல் தூறலும் விழுந்துவிட்டது; ஏரியில் கணுக்கால் அளவு நீர் நிற்கிறது. இனி வேள் அவர்கள் செவி கொடுத்துக் கேட்க வேண்டும்.

ஆறாம் நாள் நிறைவுக்கூழ் காய்ச்சியபோது, மிளகு வணிகர் கோலத்தில் ஒருவர் வந்து பந்தியில் அமர்ந்தார். மன்னர் மண் சுமப்பது மெய்யோ எனக் கண்டுவரத் தாங்கள் விடுத்த ஒற்றரே அவர். ஒற்றில் தேர்ந்தவர், ஐயமில்லை; ஆனால் கூழோடு சுட்ட கருவாடும் வைத்துவிட்டனர். இரண்டு கலயம் குடித்து மூன்றாவதற்குக் கை நீட்டியபோது, எந்த வீடு என்று கொற்றி கேட்டாள். வாய் நிறையக் கருவாட்டோடு, வடதுறை வேள் வீடு என்று அவர் உள்ளதை உரைத்துவிட்டார். முடிச்சு விழுந்துவிட்டது. புளியமரத்தை ஒட்டி எஞ்சிய வடகோடிதான் நாற்பத்து மூன்றாம் வீடாகிய தங்கள் பங்கு.

அவ்விடம் அடைபட்டால் அதன் மதகுநீர் வறண்டு கிடக்கும் தங்கள் எல்லைச் சிற்றூர் மூன்றுக்கும் பாயும். அடைபடாவிடின் வெள்ளம் பள்ளம் நோக்கித்தான் ஓடும். அப்பள்ளத்தில் இருப்பது தங்கள் குதிரை இலாயம். பெருமழைக்கு இன்னும் பத்து நாள் என்று ஊரார் கணிக்கின்றனர்.

ஆகவே ஆணை இது. இவ்வோலை கண்ட எட்டு நாளுக்குள் வேள் எயினனார் தம் வீட்டாரோடு ஈச்சங்காட்டுக் கரையை அடைக. படை வேண்டா, யானை வேண்டா, அதைக் கேட்டாயிற்று. இரக்கத்தால் அனுப்புவதாகச் சொன்ன மூன்று வண்டி அரிசி தடையின்றி வரலாம், கூழ்ப்பானை பெரிது. தங்கள் மைத்துனரும் மருமகன்மாரும் மணவழியில் வீட்டினரே ஆதலின் எவருக்கும் விலக்கில்லை. முழங்கால் நோயைக் கூறிக் கொற்றியிடம் சலுகை கேட்டோம். அவள் மறுமொழி: முட்டி வலின்னா ஒக்காந்துக்கிட்டே கூடை ரொப்பட்டும், வாய்க்கு ஒண்ணும் வலியில்லையே.

இஃது அரச முத்திரை. அருகில் உள்ள கறை முத்திரையன்று. மன்னரின் கட்டைவிரல் மண், எத்தனை கழுவியும் போகவில்லை. குன்றும் கடலும் உள்ளளவும் இக்கரையும் இக்கயிறும் நிற்க.

இவ்வோலையைக் கொணரும் தூதன் தலையில் இருப்பது தங்களுக்கு. பரிசில் என்று எண்ணித் திறந்து பார்க்க வேண்டா, கூடைதான்.