விற்பதற்காக வாங்கப்படும் வீரர்

தம்பி,

தேங்க்ஸ்கிவிங் விருந்தில் வான்கோழியை வெட்டிக்கொண்டே என் புருஷனிடம் குழைந்தாயே: "என் டீம்ல எல்லாம் பொடிப்பசங்க அத்தான். பந்து போட உங்களை மாதிரி ஒரு ஆள் வேணும்."

என்ன நெஞ்சழுத்தம் உனக்கு! உன் பேஸ்பால் அணிக்கு மூன்று வருஷமாகக் கடைசி இடம். அணியைப் புதிதாகக் கட்டுகிறேன் என்று பீற்றிக்கொள்ளும் மேலாளருக்கு முப்பத்தெட்டு வயதுப் பந்துவீச்சாளர் எதற்கு? அணிகள் வீரர்களைக் கைமாற்றும் கெடு முடிகிற ஜூலை வரை ஆடவிட்டு, கோப்பைக்கு மோதும் அணியிடம் அவரைத் தள்ளிவிட்டு, பதிலுக்கு இரண்டு இளசுகளை வாங்கத்தானே? பேஸ்பால்காரன் பெண்டாட்டிக்கு இது தெரியாதா? ஆறு வருஷத்தில் சியாட்டில், டாம்பா, டென்வர், இப்போது மில்வாக்கி என்று அவரை விற்ற ஊருக்கெல்லாம் குடிமாறியாயிற்று. எல்லாம் ஜூலையில்தான்.

நேற்று அவரிடம் கத்தினேன். "உங்களை விக்கத்தான் வாங்குறான், புரியுதா?"

சாண்ட்விச்சை மென்றபடி சிரித்தார். "தெரியும்டி. வித்தா ஜெயிக்கிற டீமுக்குத்தானே விப்பான்? அக்டோபர்ல, ஃபைனல்ல, ஒரு தடவையாவது பந்து போட்டுர்றேன்."

உன்மேல் இருந்த கோபத்தில் பாதி அவர்மேல் போய்விட்டது. சரி, ஒப்பந்தத்தில் அவரிடம் கையெழுத்து வாங்கிக்கொள். ஆனால் விற்றதும் முதல் போன் எனக்கு வர வேண்டும். அவர் அன்றே விமானம் ஏறிவிடுவார். வீட்டைக் காலி செய்பவள் நான். போன ஜூலையில் கட்டிய பெட்டிகளையே இன்னும் பிரிக்கவில்லை.

இப்படிக்கு,
நீ ஒரு வார்த்தைகூடக் கேட்காத உன் அக்கா