கோழி இல்லாத மேசையில் சோதித்த கார்டு

ஏப்ரல் 21, திங்கள்

எட்டு மணிக்கே வெயில் சுள்ளென்று. தங்கமணி அக்காவின் கோழிப் பண்ணைக்குப் போய், நான் செய்து கொடுத்த பெட்டியின் பதிவுகளை எடுத்து வந்தேன். நேற்று மதியம் 1.12-க்குக் கொட்டகையில் 36 டிகிரி. அந்த நொடியே, கொட்டகையைக் குளிர்விக்கப் பனிபோல் தண்ணீர் தூவும் மோட்டாரைப் பெட்டி ஓட்டியிருக்க வேண்டும். ஓட்டியது 1.21-க்கு. ஒன்பது நிமிடம்!

பெட்டிக்குள் உள்ளங்கை அகலத்தில் ஒரு கம்ப்யூட்டர், ஒரு மெமரி கார்டு. வெளியே ஒரு கேமரா. எதையும் கார்டில் எழுதிவிட்டுத்தான் செய்யும். அப்படி நிரல் எழுதிய புத்திசாலி நான்தான். கார்டு திணறினால் மோட்டாரும் காத்திருக்கும்.

ஒரு கோழிகூடச் சாகவில்லை. அதிர்ஷ்டம்.

வெள்ளிக்கிழமை அக்கா மேட்டூர் போகிறார். மகளுக்குப் பிரசவம், பத்து நாள். வேலையாட்கள் முட்டை எடுத்துவிட்டுப் பதினோரு மணிக்குக் கிளம்பிவிடுவார்கள். அதற்குப்பின் ஆறாயிரம் கோழிகளுக்கும் பெட்டிதான் காவல்.

"கார்டு நல்லாருக்குதான்னு பாத்துச் சொல்லிப்போடுங்க சாமி. இல்லாட்டி நான் போவலீங்க."

வாங்க: ஈயக்கம்பி, தயிர், அம்மாவுக்குச் சுகர் மாத்திரை.

ஏப்ரல் 22, செவ்வாய்

பெட்டியைக் கழற்றி வந்து, வீட்டு மேசையில் காலை முழுக்கச் சோதனை. கேமராவைக் கொட்டகையிலேயே விட்டுவிட்டேன். இங்கே படம் பிடிக்கக் கோழியா இருக்கிறது.

பெரிய கோப்பு எழுத: நொடிக்கு 19 எம்பி.
வாசிக்க: 42.
சின்னச் சின்ன எழுத்து, ஒவ்வொன்றும் கார்டில் இறங்கும்வரை காத்திருந்து: சராசரி 8 மில்லி நொடி.

கோப்பு முறைமையை மாற்றியும் பார்த்தேன். பெரிய வித்தியாசமில்லை. எட்டு மில்லி நொடி எங்கே, ஒன்பது நிமிடம் எங்கே. ஏதோ கரண்ட் கோளாறாக இருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். பதினோரு மணிக்குப் பெட்டியைத் திரும்ப மாட்டிவிட்டு, "கார்டு நல்லாத்தான் இருக்குதுங்க அக்கா" என்றேன். அவர் முகம் மலர்ந்தது. எனக்குத்தான் உறுத்தல்.

டீக்கடையில் ஒருவர்: "இந்த வெயிலுக்குக் கோழி அவிச்ச முட்டையே போட்டுருமாட்டக் கெடக்குது."

ஏப்ரல் 23, புதன்

41 டிகிரி. இரண்டு மணிக்கு அக்காவின் போன்.

"பதினோரு கோழி போச்சுங்க சாமி."

ஓடினேன். வாசலில் வரிசையாகக் கிடத்தியிருந்தார். பதிவில் பார்த்தால் மோட்டார் 26 நிமிடம் தாமதம். "வெயிலுங்க, நீங்க என்ன பண்ணுவீங்க" என்று எனக்கே அவர் ஆறுதல் சொன்னார். அது இன்னும் மோசம். சோறு இறங்கவில்லை.

ஏப்ரல் 24, வியாழன்

இன்று சோதனை கொட்டகைக்குள்ளேயே. காலை பத்து மணிக்கு 8 மில்லி நொடி. பதினொன்றுக்கும் அதே. பன்னிரண்டுக்குக் கேமரா விழித்தது. எண்கள் தாறுமாறு. நான்கு நொடி, முப்பது நொடி, அப்புறம் திரை அப்படியே நின்றுவிட்டது. நான்கு நிமிடமாகியும் ஒரே ஒரு வரி கார்டில் இறங்கவில்லை.

உச்சி வெயிலில் கோழிகளை அக்கா போனிலேயே பார்க்கட்டும் என்று, பன்னிரண்டிலிருந்து மூன்று வரை படம் பிடிக்கச் சொல்லி வைத்தவனும் நான்தான். நிரம்பி வழியும் கார்டு, அதில் இந்தப் படம் வேறு. அதன் பின்னால் என் ஒற்றை வரி, வரிசையில்.

திரை நின்றிருக்கும்போதே மோட்டார் உறுமியது. திரும்பினேன். அக்காவின் கை சுவர் சுவிட்சில்.

"சூடு தாங்காமக் கோழி வாயத் தொறந்துருச்சுங்க. அதான் போட்டுட்டேன்."

"எப்பவும் இப்படிப் போடுவீங்களா அக்கா?"

"ரெண்டு மாசமாப் போடறனுங்களே. பொட்டி செத்த மெதுவாத்தான் ஓட்டும். சொன்னா நீங்க சங்கடப்படுவீங்கன்னு உட்டுட்டேன். செவ்வாக்கெழம நல்லாருக்குன்னு சொன்னீங்களா, நேத்து கை வெக்கலீங்க."

அதிர்ஷ்டமாம். காதெல்லாம் சூடேறியது. "பதினோரு கோழியும் என்னாலதானுங்க அக்கா" என்றேன். கேமரா இல்லாமல் சோதித்ததையும் சொன்னேன். அவர் சுவிட்சிலிருந்து கையை எடுத்தார். பிறகு, "செரி, இப்ப என்ன பண்றது?"

நிரலில் இரண்டு வரிகளை இடம் மாற்றினேன். முதலில் மோட்டார், பிறகு எழுத்து. அவ்வளவுதான். கேமராவுக்குத் தனிக் கார்டு.

ஏப்ரல் 25, வெள்ளி

காற்றே இல்லை. ஆறு மணியிலிருந்து பண்ணையில். வேண்டுமென்றே கேமராவைப் பழைய கார்டிலேயே ஓடவிட்டு, மோட்டார் ஓட வேண்டிய 36 டிகிரியை 28 என்று மாற்றிவைத்து, இருநூறு முறை ஓட்டிப் பார்த்தேன். சராசரியை எழுதவே இல்லை. மிக மோசமான முறை: ஒரு நொடி தாமதம். திரும்ப 36-க்கு மாற்றி, தனிக் கார்டும் போட்டாயிற்று.

பதினோரு மணி. அக்கா கையில் பையோடு. "போவட்டுங்களா?"

நல்லாருக்கு என்ற சொல் வாயில் வரவில்லை. "மோசமான தடவைக்கே ஒரு நொடிதானுங்க. ஆனா பத்து நாளும் மத்தியானத்துக்கு நான் இங்கதான் இருப்பேன், அக்கா."

"அப்ப வாரேனுங்க. வடக்கு மூல, மேலடுக்கு. அதுகதான் மொதல்ல வாயத் தொறக்கும். பொட்டியப் பாக்காதீங்க, அதுகளப் பாருங்க."

12.50. 35.7. வடக்கு மூலையில் நிற்கிறேன்.

12.58. 35.9. ஒரு கோழி வாயைத் திறந்தது. பக்கத்தில் இன்னொன்று. பெட்டி 36-க்குக் காத்திருக்கிறது.

சுவிட்சைப் போட்டுவிட்டேன்.