சரோஜா அக்காவுக்கு விட்ட இடம்

ஜூன் 10, செவ்வாய்

காலையிலேயே தூறல். பஸ்ஸில் ஜன்னல் மூடவில்லை. பாதி நனைந்து, நான் வேலை செய்யும் லுணுகலை போட்டோ ஸ்டூடியோவுக்கு.

முதல் வேலை, எங்கள் குழுப்படம். தேயிலைத் தோட்டத்துப் பெண்கள் நாங்கள் கரப்பந்தில், அதான் வாலிபாலில், முதல் தடவையாக வெற்றிக் கிண்ணம் வென்ற படம். முன்வரிசையில் நான், மடியில் கிண்ணம். பின்வரிசை நடுவில் ஓர் ஆள் இடம் காலி. கேப்டன் சரோஜா அக்காவுக்காக விட்டது. நிறைமாத வயிற்றோடு கோட்டோரம் நின்று கத்திக் கத்தி எங்களைப் பழக்கியவள். போன ஞாயிறு இறுதி ஆட்டம், அன்று விடியும்போதே வலி. நாங்கள் கிண்ணம் வாங்கும் நேரம் அவள் பதுளை ஆஸ்பத்திரியில். ஆபரேஷன். பெண் பிள்ளை.

மத்தியானம் அவளே போன் எடுத்தாள்.

“ஏன்டி, படம் எப்படி?”

“நடுவுல ஓட்டையா இருக்குக்கா.”

மூக்கை உறிஞ்சும் சத்தம். அழுகிறாள்.

“என்னைய அதுல போட முடியுமா? பழைய மூஞ்சி வேணாம். இப்ப உள்ள மூஞ்சி. தாயான மூஞ்சி.”

முடியும் என்று சொல்லிவிட்டேன். முடியுமா, தெரியாது. வரும் ஞாயிறு எங்கள் கிளப்பில் மாட்ட வேண்டும்.

ஜூன் 12, வியாழன்

அவள் கணவர் படம் அனுப்பியிருக்கிறார். கட்டிலில் மல்லாந்து படுத்திருக்கிறாள்! பச்சை உடம்பு, எழுந்து நிற்கச் சொல்லவா முடியும்?

தலையை மட்டும் வெட்டி எடுத்தேன். உடம்பு போன வருடப் படத்திலிருந்து, ஜெர்சியோடு. தலையைச் சுழற்றி நிமிர்த்தினால் தலையணையில் பரந்து கிடந்த முடியெல்லாம் மேலே நிற்கிறது. பேய் பிடித்த மாதிரி. அளவும் சரியில்லை. முதலில் பூசணிக்காய். சுருக்கினேன், எலுமிச்சம்பழம்.

கடை முதலாளி எட்டிப் பார்த்தார், நானா என்றுதான் அவரைக் கூப்பிடுவோம். “என்ன புள்ள, கரண்ட் அடிச்ச மாதிரி இருக்கு?”

சிரிப்பு அடங்கவில்லை. அப்படியே அக்காவுக்கு அனுப்பினேன். உடனே போன்.

“சிரிக்க வைக்காதடி பாவி, தையல் வலிக்குது! முடிய விட்டுரு. குதிச்சு அடிக்கிற மாதிரி இருக்கு.”

முடி அப்படியே இருக்கட்டும். தலையைக் கொஞ்சம் சாய்த்ததும் கழுத்தில் சரியாக உட்கார்ந்துவிட்டது. அவளேதான்.

ரீசார்ஜ் போட வேண்டும். சோப்பு வாங்க வேண்டும்.

ஜூன் 14, சனி

பிள்ளையும் வேண்டுமாம். குழுவில் எல்லோரும் பிடிவாதம். கிண்ணத்துக்குள் உட்கார வைக்கச் சொன்னார்கள். நல்ல யோசனை. பிள்ளை படத்தைக் கிண்ணத்துக்கு அளவாகச் சுருக்கிக்கொண்டிருந்தேன். அந்நேரம் அக்காவின் மாமியார் கடைக்குள் வந்தார், படம் எந்தளவில் இருக்கிறது என்று பார்க்க.

“அடியே! பிள்ளைய ஏன்டி சின்னதாக்குற?”

“படத்துலதாங்க மாமி.”

“படத்துலயும் வேணாம். வளர வேண்டிய பிள்ள.”

சொல்லிப் பார்த்தேன். நகரவில்லை. நானாவுக்கும் வழி தெரியவில்லை. கடைசியில் மாமியாரே திரையில் கிண்ணத்தைக் காட்டி விரலை நீட்டினார்.

“கப்ப பெருசாக்க முடியாதா?”

அட. இழுத்தேன். அகலம் மட்டும் கூடிக் கிண்ணம் சோற்று அண்டாவானது. திரும்பவும், நீளத்தையும் அகலத்தையும் சேர்த்துப் பிடித்து இழுத்தேன். பெரிய கிண்ணம், உள்ளே கொட்டாவி விடும் பிள்ளை. முழுசாக. என் முகம் பாதி மறைந்துவிட்டது. போகட்டும்.

ஜூன் 15, ஞாயிறு

நல்ல வெயில். படம் மாட்டியாயிற்று. கைதட்டல், கேசரி, பாட்டுச் சத்தம்.

அக்காவை இன்றுதான் வீட்டுக்கு விட்டார்கள். போகிற வழியில் ஆட்டோ கிளப் வாசலில் நின்றது. மெதுவாக இறங்கி உள்ளே வந்தாள். வெகுநேரம் படத்தைப் பார்த்தாள். அழுவாள் என்று நினைத்தேன். இல்லை. என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கை சூடாக இருந்தது.

“நீங்க எனக்கு எடம் விட்டு நின்னீங்களாடி?” என்றாள், படத்தில் தன் இரு பக்கமும் விலகி நிற்பவர்களைத் தொட்டுக் காட்டி.

எல்லோரும் தலையாட்டினோம். பிள்ளையை வைத்திருந்த மாமியார்தான் பேசினார். “கப்பு இப்ப நல்லா இருக்கு. அடுத்த வருசம் இந்த அளவுலயே வாங்கிட்டு வாங்க.”