மாடிக்காரியின் மோதிரம்

ஜூன் 7, சனி

வலது கட்டைவிரலில் இரண்டு வெட்டு. ஒரே காலையில் ஏழு ரம்ப வாள் உடைந்தது. முடியளவு மெல்லிய வாள், மூச்சை பலமாக விட்டாலே ஒடிந்துவிடும் போலிருக்கிறது. வெள்ளித் தகட்டில் கோடு போட்டு, அந்தக் கோட்டின் மேலேயே அறுத்துக்கொண்டு போக வேண்டுமாம். கோடு ஒரு பக்கம் போனது, நான் ஒரு பக்கம் போனேன். ஆனாலும் பட்டறையை விட்டு இறங்கும்போது பரீட்சை முடிந்த பிள்ளை மாதிரி நடந்தேன்.

வெள்ளி நகை செய்யும் வகுப்பு, எட்டு சனிக்கிழமை. கடைசி நாளில் ஆளுக்கொரு வெள்ளிப் பூ மோதிரம் முடிக்க வேண்டும். ஐந்து இதழ், நடுவில் ஒரு மணி. ஜன்னலோரம் ஒரு பெஞ்ச் காலியாக இருக்கிறது. பாடம் எடுக்கும் மிஸ்ஸோடு சேர்ந்து தொழில் செய்தவர் ஊர் மாறிப் போய்விட்டாராம். எங்களில் ஒருவருக்கு அந்த பெஞ்ச். வாரம் மூன்று நாள் வந்து உட்காரலாம், மிஸ்ஸுக்கு வரும் ஆர்டரில் கை கொடுக்கலாம், மிச்ச நேரம் சொந்த வேலை. மிஸ் சொல்லி முடிப்பதற்குள் நான் அதில் உட்கார்ந்தாயிற்று, மனதுக்குள். எலி வளையானாலும் தனி வளை. மூக்குக்கண்ணாடிக் கடையில் பதினாலு வருஷமாக அடுத்தவர் பிரேமுக்கு ஸ்க்ரூ முடுக்குகிறேன். என் கையிலிருந்து புதிதாக ஒன்று வரட்டுமே.

மாடிக்காரியும் வந்தாள். என் ஓரகத்தி, கொழுந்தன் பெண்டாட்டி. நாங்கள் கீழே, அவர்கள் மேலே. நான் வகுப்பில் சேர்ந்ததை என் வீட்டுக்காரர் தம்பியிடம் உளற, அவள் படியிறங்கி வந்து, “அக்கா, நானும் வரட்டுமா? சும்மா பொழுதுபோக்குக்குத்தான்” என்றாள். “வாயேன்” என்று வாய் சொல்லிவிட்டது. இந்த வாயை என்ன செய்வது?

அவள் உடைத்த வாள், ஒன்று.

ஜூன் 8, ஞாயிறு

பொறாமையெல்லாம் இல்லை. எழுதி வைத்தாயிற்று.

ஜூன் 14, சனி

இன்று நெருப்பு. வெள்ளிக்கு கேஸ் டார்ச்சால் சூடு காட்டினால் இளகும், இளகினால்தான் வளைக்க முடியும். மங்கலாகச் சிவக்கும்போது நிறுத்திவிட வேண்டும். ஒரு நொடி அசந்தால் தகடு கண்ணாடி மாதிரி மினுங்கி, சுருண்டு, முடிந்தது கதை.

மொத்தம் ஐந்து பேர். நாங்கள் இரண்டு பேர், ஒரு பல் டாக்டரம்மா, கல்லூரி முடித்த ஒரு பெண், அப்புறம் ரிட்டயர்டு பஸ் டிரைவர் ஒருவர். டிரைவர் சாருக்கு விரலெல்லாம் வாழைக்காய் பருமன். தன் தகட்டைப் பார்ப்பதைவிட எங்கள் தகடுகளைத்தான் அதிகம் பார்க்கிறார். “ஏம்மா, டார்ச்சு! டார்ச்ச எடு! சிவந்துருச்சு பாரு!” என்று கத்துகிறார். எனக்கு எரிச்சலாக வந்தது. ஆனால் இரண்டு தடவை என் தகடு தப்பித்தது அவரால்தான்.

மாடிக்காரிக்கு யாரும் கத்தவில்லை. கத்த வேண்டியிருக்கவில்லை.

ஜூன் 19, வியாழன்

காலையில் மகள் சீப்பை எடுத்துக்கொண்டு மாடிக்கு ஓடினாள். “நான் பின்னி விடமாட்டேனாடி?” என்றதற்கு, “சித்தி பின்னுனா சாயங்காலம் வரைக்கும் அவுறாதும்மா” என்கிறாள். உண்மைதான். அதுதான் கோபம்.

டிரைவிங் லைசென்ஸ், எனக்கு மூன்றாவது முயற்சியில். அவளுக்கு முதலில். அவள் தொட்டிச் செடி பூக்கும், என் செடி இலை விடும், அதோடு சரி. கெட்டவளாக இருந்தாலாவது திட்டித் தீர்க்கலாம். நல்லவளாகவும் இருந்து தொலைக்கிறாள்.

ஜூன் 28, சனி

இதழ்களைக் குழிக்கட்டையில் வைத்துத் தட்டி, கிண்ணம்போல் குழிய வைத்தோம். மிஸ் மாடிக்காரியின் ஐந்து இதழையும் உள்ளங்கையில் கொட்டி எல்லோருக்கும் காட்டினார். “ஓரத்தப் பாருங்க. அரம் போட்ட அடையாளமே இல்ல.” டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி மாட்டிப் பார்த்தார்.

என் இதழ்களில் மூன்று பூவைச் சேர்ந்தவை, இரண்டு எதைச் சேர்ந்தவை என்று சொல்ல முடியாது. என் அரம் மழுங்கல் என்றேன். மிஸ் அரத்தை வாங்கி விரலில் தடவிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

வரும் வழியில் மாடிக்காரி, “உங்க இதழ் கொஞ்சம் காட்டுப்பூ மாதிரி இருக்குக்கா, அதுவும் ஒரு அழகுதான்” என்றாள். பொடி வைத்துப் பேசினாளா, மனதாரச் சொன்னாளா? வீடு வரும்வரை அதையே யோசித்தேன். அவள் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு வந்தாள்.

சரி. பொறாமைதான். வயிறு எரிகிறது. போதுமா?

ஜூலை 5, சனி

இன்று என் நாள்! பூ நடுவில் வைக்கும் மணி. துண்டு வெள்ளியைக் கரிக்கட்டை மேல் வைத்து உருக்கினால் அதுவாகவே உருண்டு நிற்கும். என்னுடையது அச்சு அசலான உருண்டை. மிஸ் இரண்டு தடவை பார்த்துவிட்டு, “இது கை” என்றார். இரண்டே வார்த்தை. கடைக்குப் போய் சாயங்காலம் முழுக்க அதையே மென்றுகொண்டிருந்தேன்.

மாடிக்காரி கைதட்டினாள். அதுவும் பிடிக்கவில்லை எனக்கு. ஏன், என் சந்தோஷத்திலும் அவள்தான் முன்னால் நிற்க வேண்டுமா?

ஜூலை 12, சனி

பற்றவைக்கும் பாடம். வெண்காரம் தடவி, ஒட்டுவதற்கான பொடி வைத்து, இதழ்களை இரும்புக் கம்பியால் சுற்றிக் கட்டி, சூடு காட்ட வேண்டும். பிறகு கறுப்பு போக ஆசிட் தொட்டியில் போட வேண்டும். இதில் மிஸ் ஒன்றை மூன்று தடவை சொன்னார். “கம்பியப் பிரிச்சிட்டுத்தான் தொட்டியில போடணும். இரும்பு உள்ள போச்சுன்னா தண்ணியில கரைஞ்சிருக்கிற செம்பெல்லாம் வந்து வெள்ளி மேல ஏறிக்கும். கூடையில ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக் கிடக்கிறது எல்லாமே செவந்துரும்.” எடுக்கிற இடுக்கிகூடப் பித்தளைதான்.

என் நான்காவது இதழ் உருகிவிட்டது. டிரைவர் சார் கத்தினார், கேட்டது, ஆனால் அந்த நேரம் நான் மாடிக்காரியின் பூவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

புதிதாக ஒன்று வெட்ட நேரமில்லை. அவள், “அக்கா, எங்கிட்ட ஒண்ணு எக்ஸ்ட்ரா இருக்கு” என்று என் கையில் வைத்தாள். வாங்கிக்கொண்டேன். வாங்கினேனே! பூவைப் பார்க்கிற யாருக்கும் தெரியும், ஐந்தில் எது அவளுடையது என்று. அதுதான் நன்றாக இருக்கிறது.

ஜூலை 16, புதன்

வீட்டுக்காரர் கேட்டார், “அந்த பெஞ்ச் யாருக்கு?” யார் சொன்னது என்றேன். மாடியில் சாப்பிடும்போது தம்பி சொன்னானாம், இவளுக்கே கிடைக்கும்போல என்று. இவளுக்கே! பொழுதுபோக்கு என்று வந்தவளுக்கு. அவளிடம் போய், எனக்கு அது வேண்டும், நீ ஒதுங்கு என்று எப்படிச் சொல்வது? எந்த முகத்தை வைத்துக்கொண்டு?

சொல்லவில்லை. அவளாகவே புரிந்துகொள்ளலாம் அல்லவா?

ஜூலை 26, சனி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். வேறெங்கும் சொல்ல முடியாது.

கடைசி வகுப்பு. பூவை வளையத்தோடு பற்றவைத்து, ஆசிட்டில் போட்டு எடுத்து, மெருகு போட்டால் முடிந்தது. பதினொரு மணிக்கு முதல் ஆளாக என் மோதிரத்தைக் கூடையில் போட்டேன். டாக்டரம்மாவும் அந்தப் பெண்ணும் போட்டார்கள். டிரைவர் சாரும் போட்டார். அவருடைய பூ முட்டைக்கோஸ் மாதிரி இருந்தது, அதை அவரே சொல்லிச் சிரித்தார். சிரித்துவிட்டு டீ குடிக்க இறங்கினார்.

கடைசியாக மாடிக்காரி வந்தாள். நான் தொட்டிக்குப் பக்கத்தில் கை கழுவிக்கொண்டு நின்றேன். அவள் போடும்போது பார்த்தேன், பூவுக்கு அடியில், வளையத்தைச் சுற்றி, கம்பி அப்படியே இருந்தது. மேல் சுற்றைப் பிரித்தவள் கீழ்ச் சுற்றை மறந்துவிட்டாள். யானைக்கும் அடி சறுக்கும். ‘ஏய், கம்பி’ — இரண்டு வார்த்தை. தொண்டை வரை வந்தது. விழுங்கினேன்.

குழாயை மூடினேன். துண்டில் கை துடைத்தேன். ஒவ்வொரு விரலாகத் துடைத்தேன்.

என் மோதிரமும் அதே கூடையில்தான் கிடக்கிறது என்பது எனக்கு நினைவில்லை. சத்தியமாக இல்லை. அவள் மோதிரத்தைப் பார்த்த கண்ணுக்கு என்னுடையது தெரியவில்லை. தன் மூக்கு அறுந்தாலும் எதிரிக்குச் சகுனப் பிழை ஆக வேண்டும் என்பார்கள். நான் மூக்கு இருப்பதையே மறந்தவள்.

மிஸ் கூடையைத் தூக்கினார். ஐந்து பூவும் செம்புச் சிவப்பு. புதுச் செப்புக்காசு நிறம். டாக்டரம்மா “அய்யோ” என்றார். மாடிக்காரி தன் மோதிரத்தைத் திருப்பிப் பார்த்து, கம்பியைக் கண்டு, “நான்தான் மிஸ். என் தப்பு” என்றாள். ஒன்பது வருஷத்தில் அவள் அழுது இன்றுதான் பார்க்கிறேன். நினைத்த அளவு நன்றாக இல்லை.

பெரிய சேதம் இல்லை, தேய்த்தால் போகும் என்றார் மிஸ். ஆனால் இதழ் இடுக்கெல்லாம் குச்சி முனையில் பொடி தொட்டுத் தேய்க்க வேண்டும். மூன்று மணி நேரம் ஆனது. அவள் எல்லோருடையதையும் கேட்டு வாங்கித் தேய்த்தாள். தன்னுடையதைக் கடைசியாக எடுத்தாள், பாதி சிவப்போடேயே வைத்துவிட்டாள்.

எல்லோரும் கிளம்பும்போது மிஸ் என்னை நிறுத்தினார்.

“அவங்க போடும்போது நீங்க பக்கத்துல நின்னீங்க.”

“ஆமா.”

“உங்க கண்ணு கூடையில இருந்துச்சு. நாலடி தள்ளி ஸ்க்ரூ தளர்ந்திருந்தாலே கண்டுபிடிக்கிற கண்ணு அது.”

அவர் திட்டவில்லை. “இங்க நெருப்பு இருக்கு, ஆசிட் இருக்கு. பக்கத்துல உக்காந்திருக்கிறவங்க வாயைத் திறப்பாங்கன்னு நம்பித்தான் நான் குனிஞ்சு வேலை செய்றேன்” என்றார். அவ்வளவுதான்.

ஜூலை 28, திங்கள்

பெஞ்ச் டிரைவர் சாருக்கு. முட்டைக்கோஸுக்கு!

சிரிப்புதான் முதலில் வந்தது. பிறகு கடைக் கழிவறையில் போய் அழுதேன். இன்னும் அழகாகச் செய்திருந்தால் கிடைத்திருக்கும் என்றால் ஆறுதலாக இருக்கும். அதற்கும் வழியில்லை.

ஜூலை 29, செவ்வாய்

சொல்லிவிட்டேன். துணி எடுக்க மொட்டைமாடிக்குப் போகும் வழியில், அவள் வாசலில். “அன்னைக்கு நான் கம்பியப் பாத்தேன். பாத்துட்டுத்தான் சும்மா இருந்தேன்.”

அவள் துணிக்கூடையை இடுப்பிலிருந்து இறக்கி வைத்தாள். “நீங்க அங்க நின்னது எனக்கும் ஞாபகம் இருக்கு. உங்க மோதிரமும் உள்ளதானே இருந்துச்சு, அதனால பாத்திருக்க மாட்டீங்கன்னு நானே சொல்லிக்கிட்டேன்” என்றாள்.

“அந்த பெஞ்ச் எனக்கு வேணும்னு இருந்துச்சு.”

“கேட்டிருந்தா குடுத்திருப்பேன்.”

அதுதான். அதுதான் எனக்குப் பொறுக்காதது! நீ குடுத்து நான் வாங்கணுமா? இதழ் வாங்குன மாதிரி? ஆனால் இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. இப்போது கத்துவதற்கு எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

அவள் கதவைச் சாத்தினாள். மெதுவாகத்தான் சாத்தினாள்.

ஆகஸ்ட் 2, சனி

மகள் கேட்கிறாள், “சித்தி ஏம்மா கீழ வர்றதே இல்ல?”

ஆகஸ்ட் 9, சனி

அடுத்த வகுப்பு தொடங்கிவிட்டது. மறுபடி முதலிலிருந்து சேர்ந்துகொள்ளட்டுமா என்று மிஸ்ஸிடம் கேட்டேன். கொஞ்சம் யோசித்து, “வாங்க” என்றார். டிரைவர் சார் ஜன்னலோரம் உட்கார்ந்து எல்லோரையும் பார்த்துக் கத்திக்கொண்டிருக்கிறார். புதிதாக வந்த ஒருவர் சூடான தகட்டை வெறுங்கையால் எடுக்கப் போனார். டிரைவர் சார் வாயைத் திறப்பதற்குள் நான் கத்திவிட்டேன். டிரைவர் சார் திரும்பிப் பார்த்து, “ஹாரன் நல்லா இருக்கும்மா” என்றார்.

மாடிப்படியில் அவளைக் கடந்தேன். ஒதுங்கி வழிவிட்டாள், அக்கா என்று சொல்லாமல்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

காலை பத்து மணிக்கு மாடியில் சத்தம் கேட்டது. டங், டங், டங். வீட்டுக்காரர் பேப்பரிலிருந்து தலை தூக்கி, “ஆணி அடிக்கிறாங்களா?” என்றார். ஆணி இல்லை. மோதிர வளையத்தை ஏதோ குழாய்மேல் மாட்டி உருட்டித் தட்டுகிறாள், அதுவும் வீட்டுச் சுத்தியால். மரச் சுத்தியால் தட்டினால் வளையம் வட்டமாகும். இரும்பால் தட்டினால் மெலிந்து நீண்டு, அடி விழுந்த இடமெல்லாம் பள்ளமாகும். அவளுக்கும் தெரியும். கைவசம் இல்லை, அவ்வளவுதான்.

டங், டங். தட்டட்டும், எனக்கென்ன என்று இரண்டு பாத்திரம் கழுவினேன். மூன்றாவதைக் கழுவ முடியவில்லை.

போன வாரம் வாங்கிய மரச் சுத்தியை எடுத்துக்கொண்டு மேலே போய்க் கதவைத் தட்டினேன். திறக்க நேரமானது.

“சத்தம் தொந்தரவா இருக்கா?” என்றாள். கதவைப் பாதிதான் திறந்திருந்தாள்.

“சத்தம் தப்பா இருக்கு” என்றேன்.

என் கையிலிருந்ததைப் பார்த்தாள். வாங்கிக்கொண்டு உள்ளே போனாள், கதவைச் சாத்தவில்லை. பின்னாலேயே போனேன். மேசைமேல் ஆறு இதழ் வெட்டி வைத்திருந்தாள், ஒவ்வொன்றும் நகக்கண் அளவு, ஓரத்தில் அரத்தின் சுவடுகூட இல்லை. என்னால் ஒரு வருஷம் போனாலும் அப்படி வெட்ட முடியாது. பார்த்ததும் வயிறு எரிந்தது, எப்போதும்போல. நாற்காலியை இழுத்துப் போட்டு, அவள் தட்டி முடிக்கும்வரை உட்கார்ந்திருந்தேன்.