கேக்காம அழிக்கிற எழுத்து

என்னைத் தனியா விட்டுட்டுப் போன என் ராசாவுக்கு,

நல்லா இருக்கீங்களான்னு கேக்க மாட்டேன். சண்டை போடத்தான் எழுதறேன்.

நீங்க போனப்புறம் ஆஸ்பத்திரியில உங்க கம்ப்யூட்டர் வேலையை டாக்டரம்மா எனக்கே குடுத்தாங்க. துணைக்கு அவலூர்பேட்டையிலிருந்து செல்வின்னு ஒரு பொண்ணு பஸ்ல வந்துட்டு இருந்தா. நைனா இல்லாத பொண்ணு. அவ சம்பளத்துலதான் அந்த வீட்டுல அடுப்பு எரியுது.

போன திங்கக்கிழமை நான் லீவு. செல்வி ஒரு நோயாளி பேரைத் தேட 'எஃப்' தட்டறதுக்குப் பதிலா பக்கத்துல இருக்கற 'டி'யைத் தட்டிட்டா. அவ்ளோதான், அத்தனை பேர் விவரமும் போச்சு. வேற எங்கயும் காப்பி இல்ல.

'டி' தட்டினா எல்லாம் அழியற மாதிரி புரோகிராம் எழுதினது யாரு? நீங்கதான். பழைய மெஷின்ல இடம் பத்தாது, பழசையெல்லாம் அடிக்கடி துடைக்கணும், சரி. புதுசு வந்தப்புறமும் அது எதுக்கு? 'அழிக்கட்டுமா'ன்னு மெஷின் கேக்கறதையும் நிறுத்தி வச்சீங்க. "தெரிஞ்சவனுக்கு எதுக்குடி கேள்வி?"ன்னு சிரிச்சீங்க. தெரியாதவ வந்து உக்காருவான்னு ஒரு நாளாவது நினைச்சீங்களா?

தளவானூர் பெரியவருக்கு எந்த ஊசி ஒத்துக்காதுன்னு அதுலதான் இருந்துச்சு. அவரைக் கேட்டா, "எனக்கு இன்னாம்மா தெரியும், அந்தப் பொட்டியில பாரு"ன்றாரு. ஊசி போட நர்ஸுக்குக் கை வரல.

டாக்டரம்மா செல்வியை நிறுத்திட்டாங்க. "அவரு பாத்துப் பாத்து செஞ்சதை இவ நாசம் பண்ணிட்டாளே"ன்னாங்க. இந்தச் செஞ்சியில உங்களுதுன்னு மிஞ்சினது அந்த நல்ல பேரு ஒண்ணுதான். நான் வாயை மூடிக்கிட்டா யாருக்குத் தெரியப்போகுது?

இன்னிக்குக் காலையில போய்ச் சொல்லிட்டேன். "தப்பு செல்வி மேல இல்லம்மா, என் வீட்டுக்காரர் மேல."

"செத்தவர் மேல பழி போடறியா?"ன்னாங்க. நீங்க எழுதினதை வரி வரியா காட்டினேன். டாக்டரம்மா கடைசி வரி வரைக்கும் பாத்தாங்க. அப்புறம், "அவளை நாளைக்கு வரச் சொல்லு"ன்னாங்க. அதுக்கப்புறம் அங்க உங்க பேரை யாரும் எடுக்கல.

இனி திரையிலயே எழுதியிருக்கும்: ஒண்ணாம் நம்பர் தட்டினா தேடும், ரெண்டாம் நம்பர் தட்டினா சேக்கும். யாரும் எதையும் மனப்பாடம் பண்ண வேணாம். அதுக்கு நீங்க எழுதினதுல பாதியை நான் அழிக்கணும். உங்க கை வேலை, தொட மனசு வரல. ஆனாலும் அழிப்பேன், உங்க மேல சத்தியமா.

உங்க பேரைக் கெடுத்த
உங்க பொண்டாட்டி,
ஜெயா